நிக்காஹ்வின்போது பெண் எங்கே இருந்தாள்?

என் அண்ணன் மகளின் நிக்காஹ்வுக்கு வந்திருந்த எதிர்வீட்டுத் தங்கை, பந்தி முடிந்து கை கழுவப் போகும் வழியில் என்னை நிறுத்தி மூன்று கேள்விகள் கேட்டார். "டீச்சர், பொண்ணைக் கூடத்துலயே காணோமே, அவகிட்ட யாரு சம்மதம் கேட்டா? மாப்பிள்ளை கொடுத்த முந்நூறு வெள்ளி அவளுக்கு விலையா? எல்லாம் முடிஞ்ச பிறகு அவர் மலாய்ல ஒரு தாளை வாசிச்சாரே, அது என்ன?" பிரியாணித் தேக்சாவை இறக்கும் சத்தத்துக்கு நடுவே நின்றுகொண்டு சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல என்பதால், எழுதித் தருகிறேன் என்றேன். (வெள்ளி என்பது மலேசிய ரிங்கிட்.) அவர் கேட்டது குத்தலாக அல்ல, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான். ஆகையால் எங்கள் வீட்டுக் குறைகளையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் முப்பது ஆண்டுகள் இடைநிலைப் பள்ளியில் இஸ்லாமியக் கல்வி கற்பித்து ஓய்வு பெற்றவள். எங்களுடையது ராவுத்தர் குடும்பம். நன்னா (தாத்தா) மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தையில் மளிகைக் கடை வைத்துத் தோட்டத்து மக்களுக்குக் கடன் புத்தகத்தில் அரிசி விற்றவர். 2007-இல் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. 1917-இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டம் தொடங்கியது இங்குள்ள தென்னமரத்தில்தான் என்பதையும், அந்தப் பெயரைத் தமிழர் அல்லாதவர்களும் தமிழாகவே உச்சரிக்கிறார்கள் என்பதையும் சொல்லாமல் எங்கள் ஊர்க்காரர் யாரும் ஊரைப் பற்றிப் பேச மாட்டார்கள். நானும் சொல்லிவிட்டேன்.

முதல் கேள்விக்கு வருகிறேன். நிக்காஹ் என்பது ஓர் ஒப்பந்தம். பெண்ணின் வலீ (பொறுப்பாளர்), அதாவது பெரும்பாலும் தந்தை, "இவளை உமக்கு மணமுடித்துத் தந்தேன்" என்று சொல்வதும், மணமகன் "ஏற்றுக்கொண்டேன்" என்று சொல்வதும், அதை இரண்டு சாட்சிகள் கேட்பதும், மணமகன் பெண்ணுக்குத் தரும் மஹர் தீர்மானிக்கப்படுவதும்தான் அதன் உடல். நீங்கள் கூடத்தில் பார்த்தது இந்தப் பகுதியை மட்டுமே. அண்ணனும் மாப்பிள்ளையும் கைகளைப் பற்றிக்கொண்டு ஒலிவாங்கியில் பேசியபோது, பார்ப்பவருக்கு ஒரு பொருள் கைமாறுவது போலத் தோன்றியிருந்தால் அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. ஆனால் அதற்கு அரை மணி நேரத்துக்கு முன்னால் மண்டபத்தின் ஒப்பனை அறையில் நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை.

தோக் காடி (நிக்காஹ்வை நடத்திப் பதிவு செய்பவர்) அண்ணனுடன் அந்த அறைக்கு வந்தார். அண்ணன் மகளின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, மாப்பிள்ளையின் முழுப்பெயரைச் சொல்லி, இவரை மணக்கச் சம்மதமா, யாரும் கட்டாயப்படுத்தினார்களா, மஹர் எவ்வளவு என்று தெரியுமா என்று மலாயில் ஒவ்வொன்றாகக் கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மா அவள் தொடையைக் கிள்ளி, "வாயைத் தொறக்காதே, தலையை மட்டும் ஆட்டு" என்றார். அவள் ஆட்டவில்லை. "செத்துஜூ" (சம்மதம்) என்று தெளிவாகச் சொல்லிவிட்டுப் பாரத்தில் கையொப்பமிட்டாள். தோக் காடி போன பிறகு அம்மா முணுமுணுத்தார்: "எங்க காலத்துல இப்படியெல்லாம் யாரும் கேக்கல. கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேனோ!"

அம்மா சொன்ன அந்த மௌனத்துக்கும் ஓர் ஆதாரம் உண்டு. கன்னிப் பெண்ணிடம் அனுமதி கேட்காமல் மணமுடிக்கக் கூடாது என்று நபிகள் நாயகம் (ஸல்) சொன்னபோது, அவள் வெட்கப்படுவாளே என்று ஆயிஷா நாயகி கேட்க, அவளுடைய மௌனமே அவளுடைய சம்மதம் என்று பதில் வந்தது. வெட்கப்படும் பெண்ணுக்காகத் தரப்பட்ட சலுகை இது. இந்தச் சலுகையை எங்கள் வீடுகளில் விதியாக்கிவிட்டோம்: பேசினால் அடக்கமில்லாதவள், பேசாவிட்டால் சம்மதித்தவள். அப்படியானால் மறுப்பதற்கு அவளுக்கு எந்த வழியும் இல்லை என்பதை எங்கள் பெரியவர்கள் யோசிக்கவே இல்லை. அதே ஹதீஸ் (நபிமொழி) நூல்களில் கன்ஸா பின்த் கிதாம் என்ற பெண்ணின் செய்தியும் இருக்கிறது. முன்பே ஒருமுறை மணமாகியிருந்த அவரை அவருடைய தந்தை அவருக்குப் பிடிக்காத இடத்தில் மணமுடித்துக் கொடுத்துவிட்டார். அவர் நேரே நபிகளிடம் சென்று முறையிட, அந்தத் திருமணம் செல்லாது என்று தீர்ப்பானது. மௌனத்தைப் பற்றிய ஹதீஸை எங்கள் சுராவ்வில் (சிறு தொழுகைக் கூடத்தில்) எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கன்ஸாவின் பெயரை ஒரே ஒருமுறைதான் கேட்டேன், அதுவும் அந்த ஆலிம்சாவுக்கு ஐந்து பெண் பிள்ளைகள்.

வலீ விஷயத்தில் இஸ்லாமியச் சட்ட மரபுகளுக்கு (மத்ஹபுகளுக்கு) இடையே கருத்து வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டில் ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி. கடற்கரை மரைக்காயர்கள் ஷாஃபிஈ. ஹனஃபி முறையில் வயது வந்த, அறிவுத் தெளிவுள்ள பெண் தன் திருமண ஒப்பந்தத்தைத் தானே செய்துகொள்ளலாம். ஷாஃபிஈ முறையில் வலீ இல்லாமல் நிக்காஹ் இல்லை. அது மட்டுமல்ல, கன்னி மகளைப் பொறுத்தவரை தந்தைக்கும் தந்தைவழிப் பாட்டனுக்கும் சில நிபந்தனைகளோடு கட்டாயப்படுத்தும் உரிமையைக்கூடப் பழைய நூல்கள் தருகின்றன. மலேசியா ஷாஃபிஈ வழியில் நடப்பதால், ஹனஃபிக் குடும்பமான நாங்களும் இங்கே அந்த முறையிலேயே நிக்காஹ் செய்கிறோம். ஆனால் இந்நாட்டுச் சட்டம் அந்தப் பழைய உரிமையை அப்படியே விட்டுவைக்கவில்லை. 1984-ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேச இஸ்லாமியக் குடும்பச் சட்டமும் அதை ஒட்டி வந்த 2003-ஆம் ஆண்டின் சிலாங்கூர்ச் சட்டமும், இரு தரப்பாரும் சம்மதித்தால் அன்றித் திருமணத்தைப் பதிவு செய்யக் கூடாது என்கின்றன. தந்தை காரணமின்றி மறுத்தால் ஷரியா நீதிமன்றம் விசாரித்து, சுல்தானின் சார்பில் வலீ ஹாக்கிமைக் கொண்டு நிக்காஹ் நடத்தி வைக்கும். பெண்ணின் குறைந்தபட்ச வயதை 16-இலிருந்து 18-ஆகச் சிலாங்கூர் உயர்த்தியது 2018-இல்தான். என்னைக் கேட்டால், அது முப்பது ஆண்டு தாமதம்.

ஆக, சம்மதம் கேட்கப்பட்டது. ஆனால் கூடத்தில் கேட்கப்படவில்லை. சாட்சிகள் இருவரும் ஆண்கள். ஒப்பந்தத்தை அவளுக்காகச் சொன்னவரும் ஆண். உங்கள் கண்ணில் பட்டது பொய்யல்ல. அடுத்த நிக்காஹ்விலாவது பெண்ணைக் கூடத்தின் ஓரத்திலேனும் உட்கார வைக்க வேண்டும் என்று நான் வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மலாய்க்காரர்கள் பள்ளிவாசலுக்கு உள்ளேயே உட்கார வைக்கிறார்கள். அதனால் மார்க்கத்துக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

இரண்டாவது கேள்வி, மஹர். இது பெண்ணின் விலை என்றால், விலை அவளுடைய தந்தையிடம் போக வேண்டும். குர்ஆனின் நான்காம் அத்தியாயம், நான்காம் வசனம், பெண்களுக்கு அவர்களுடைய மஹரை மனமுவந்து கொடுத்துவிடுங்கள் என்கிறது, பெறுபவள் அவளே. அதே அத்தியாயத்தின் இருபதாம் வசனம், ஒரு பொற்குவியலையே கொடுத்திருந்தாலும் அதிலிருந்து எதையும் திரும்ப எடுக்காதீர்கள் என்கிறது. உயர்ந்த அளவுக்கு வரம்பு இல்லை. ஷாஃபிஈ முறையில் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் இறங்கலாம்: ஒன்றுமே இல்லாத ஓர் ஏழையிடம் இரும்பு மோதிரமாவது இருக்கிறதா தேடிப் பார் என்று சொல்லி, அதுவும் கிடைக்காதபோது அவருக்குத் தெரிந்த குர்ஆன் பகுதிகளுக்காகவே நபிகள் மணமுடித்து வைத்த செய்தி புகாரி ஹதீஸ் நூலில் இருக்கிறது. மலேசியாவில் பல மாநிலங்களில் ஒரு தொகை வைத்திருக்கிறார்கள். ஜொகூரில் நெடுங்காலமாக 22 வெள்ளி 50 காசு. சிலாங்கூரில் முன்பு 80, இப்போது 300. அண்ணன் மகளுக்கு வந்தது இந்த 300-தான்.

சிக்கல் மஹரில் இல்லை, அதைச் சுற்றி வளர்ந்த வழக்கத்தில் இருக்கிறது. எங்கள் சொந்த ஊர்ப் பக்கத்தில் கைக்கூலி என்று ஒன்று உண்டு. வரதட்சணைதான், பெயர் மட்டும் வேறு. நிக்காஹ் தஃப்தரில் (பதிவேட்டில்) மாப்பிள்ளை பெண்ணுக்குச் சில நூறு ரூபாய் மஹர் என்று எழுதுவார்கள். அதற்கு முந்தைய வாரமே பெண் வீட்டிலிருந்து அதைப்போல நூறு மடங்கு மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருக்கும். மார்க்கம் சொன்ன திசைக்கு நேர் எதிரான திசையில் பணம் ஓடுகிறது. தஃப்தரில் மட்டும் சரியான திசை. காயல்பட்டினம் போன்ற ஊர்களில் வேறு விதம்: திருமணமான பெண் தாய் வீட்டிலேயே இருப்பாள், மாப்பிள்ளைதான் அங்கே வருவார், வீடு மகளுக்குச் சேரும். கணவன் வீட்டில் அடங்கிப் போக வேண்டிய நிலை அங்கே பெண்ணுக்கு இல்லை என்பது பெரிய விஷயம். ஆனால் மகளுக்கு வீடு கட்டுவதற்காகவே வெளிநாட்டில் இருபது வருடம் உழைக்கும் தகப்பன்மாரிடம் கேட்டால் அந்தப் பெருமையின் கணக்கையும் சொல்வார்கள்.

இங்கே மலேசியாவில் மலாய் வழக்கத்தைப் பார்த்து நாங்களும் ஹந்தாரான் பழகிவிட்டோம். அதாவது மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குத் தரும் பணமும் தட்டு வரிசையும். இது மார்க்கக் கடமை அல்ல, மஹரும் அல்ல. என் அம்மாவின் நிக்காஹ்வில் கைக்கூலி பெண் வீட்டிலிருந்து போனது; என் அண்ணன் மகளுக்குப் பத்தாயிரம் வெள்ளி ஹந்தாரான் மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்தது. ஒரே குடும்பம், ஒரே குர்ஆன், இரண்டே தலைமுறை. பெண்ணை இஸ்லாம் எப்படிப் பார்க்கிறது என்று கேட்பவர்களிடம், எந்த ஊர்த் திருமணத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நான் முதலில் விசாரிப்பதற்கு இதுதான் காரணம். ஆனால் இந்த ஹந்தாரானும் என் கணக்கில் அவ்வளவு சுத்தமானது அல்ல. படித்த பெண்ணுக்கு இவ்வளவு, படிக்காதவளுக்கு இவ்வளவு என்று ஊரில் பேசிக்கொள்ளும்போது, நீங்கள் கேட்ட "விலை" என்ற சொல் அதற்குத்தான் பொருந்துகிறது.

மஹரைப் பற்றி இன்னொன்று. அதை உடனே கொடுக்காமல் கடனாகவும் வைக்கலாம். கணவன் கொடுக்காமல் இறந்துவிட்டால் அது அவன் சொத்தின் மேல் உள்ள கடன். வாரிசுகள் பங்கு பிரிப்பதற்கு முன் மனைவிக்கு அதைத் தீர்க்க வேண்டும். சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்க, எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது: மய்யித்தை (உடலை) எடுப்பதற்கு முன் மனைவியை அருகில் அழைத்து வந்து "மஹரை மாப்பு செஞ்சிட்டேன்னு சொல்லு" என்பார்கள். நன்னா மவுத்தானபோது (இறந்தபோது) நான் சிறுமி. அழுதுகொண்டிருந்த நன்னியைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து அப்படிச் சொல்லச் சொன்னார்கள். நன்னி முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டு, "எவ்வளவு?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. நாற்பது வருடம் குடும்பம் நடத்தியவருக்குத் தனக்கு வர வேண்டிய தொகை என்ன என்றே யாரும் சொன்னதில்லை; அது எழுதப்பட்ட தஃப்தர் கடலுக்கு அப்பால் ஒரு பள்ளிவாசல் பெட்டியில் இருந்தது. கடைசியில் அவர் மாப்பு செய்துவிட்டார். வேறென்ன செய்வார்? மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அனுபவித்துக்கொள்ளுங்கள் என்றுதான் வசனம் சொல்கிறது. தொகையே தெரியாமல், சுற்றி நாற்பது பேர் நிற்க, கணவனின் உடல் முன்னால் சொன்ன சொல்லை மனமுவந்தது என்று எந்த ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) நூல் ஏற்கும் என்று நான் பிற்காலத்தில் என் மாணவிகளிடம் கேட்பதுண்டு.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேட்க நினைத்திருப்பீர்கள்: நான்கு மனைவி. நான்காம் அத்தியாயம் மூன்றாம் வசனம் நான்கு வரை அனுமதித்து, நீதியாக நடக்க முடியாது என்று அஞ்சினால் ஒன்றுதான் என்கிறது. அதே அத்தியாயத்தின் 129-ஆம் வசனம், நீங்கள் எவ்வளவு விரும்பினாலும் மனைவியரிடையே முழு நீதி செலுத்த உங்களால் முடியாது என்கிறது. இரண்டையும் சேர்த்து வாசிப்பவர்கள் உண்டு. முதலாவதோடு நிறுத்திக்கொள்பவர்களே அதிகம். மலேசியாவில் நீதிமன்ற அனுமதி வேண்டும், முதல் மனைவியையும் அழைத்து விசாரிப்பார்கள். ஏற்கெனவே உள்ள குடும்பத்தின் வாழ்க்கைத் தரம் குறையக் கூடாது என்றும் 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. 1994-இல் அதை எடுத்துவிட்டார்கள். அனுமதி கிடைக்காதவர்கள் தாய்லாந்து எல்லையைக் கடந்து நிக்காஹ் செய்துகொண்டு வந்து அபராதம் கட்டிப் பதிவு செய்கிறார்கள். இதை நியாயப்படுத்த என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் 1976-ஆம் ஆண்டின் திருமண மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் முதல் தேதி நடைமுறைக்கு வரும் வரை, இந்நாட்டில் இந்து ஆண்களும் வழக்கப்படி ஒன்றுக்கு மேல் மணக்க முடிந்தது என்பதை உங்கள் மாமியாரிடம் கேட்டால் அவரே நினைவுபடுத்துவார். ஆண்கள் எங்கே இடம் கிடைத்தாலும் உட்கார்ந்துகொள்கிறார்கள்.

இனி அந்தத் தாள். உங்கள் மூன்று கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் எங்கள் பெண்களிலேயே பலர் இதைக் கேட்பதில்லை. அதன் பெயர் தஃலீக்; மலாயில் தக்லீக். நிக்காஹ் முடிந்ததும் மணமகன் எல்லோர் முன்னிலையிலும் வாசித்துக் கையொப்பமிடும் நிபந்தனை உறுதிமொழி. தமிழ்நாட்டு நிக்காஹ்வில் இது கிடையாது. மலாய், ஜாவா உலகத்து வழக்கம் இது. சிலாங்கூரில் வாசிக்கப்படுவதன் சாரம் இவ்வளவுதான்: நான் என் மனைவியைத் தொடர்ந்து நான்கு ஹிஜ்ரி மாதங்களோ அதற்கு மேலோ விட்டுப் பிரிந்து, அந்தக் காலத்தில் அவளுக்குச் செலவுக்கும் கொடுக்காமல் இருந்தாலோ, அவள் உடலுக்குத் தீங்கு செய்தாலோ, அவள் ஷரியா நீதிமன்றத்தில் முறையிட்டு, அது நிரூபணமாகி, என் சார்பில் நீதிமன்றம் ஏற்கும்படி அவள் ஒரு வெள்ளி செலுத்தினால், அந்தக் கணமே அவள் மணவிலக்குப் பெற்றவள் ஆவாள்.

இதன் சூட்சுமத்தைக் கவனியுங்கள். தலாக் சொல்லும் அதிகாரம் ஆணிடம் இருக்கிறது என்பது பழைய சட்டம். பெண் மஹரைத் திருப்பிக் கொடுத்து விலகும் குல்உ முறையும், நீதிமன்றம் மணத்தை முறிக்கும் ஃபஸ்ஹ் முறையும் உண்டு. ஸாபித் இப்னு கைஸின் மனைவி, தான் மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்து விலகிய செய்தி குல்உவுக்கு ஆதாரம். ஆனால் இவை கணவனின் இசைவையோ நீண்ட விசாரணையையோ வேண்டுபவை. தஃலீக் செய்யும் வேலை வேறு: ஆணின் அந்த அதிகாரத்தையே, திருமண நாளன்று, அவன் மகிழ்ச்சியாக இருக்கும்போது, அவன் வாயாலேயே ஒரு நிபந்தனையில் கட்டிப் போட்டுவிடுகிறது. பின்னாளில் அவன் மனம் மாறினாலும் சொன்ன சொல் அங்கேயே நிற்கும். குர்ஆனுக்கு உள்ளிருந்தே, பழைய சட்டத்தை மீறாமலே, பெண்ணுக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்த அந்தப் பழைய காலத்து ஆலிம்களின் சாமர்த்தியத்தை நினைத்து நான் வியந்திருக்கிறேன். மாப்பிள்ளைமார் இதை மூச்சுவிடாமல் ஓட்டமாக வாசிப்பார்கள். புகைப்படக்காரர் அந்த நேரத்தில்தான் விளக்கைச் சரிசெய்வார்.

இந்த வாசல் திறந்து நான் பார்த்தது ஒருமுறை. செம்பனைத் தோட்டத்தில் இருந்த ஒரு பெண், என் பழைய மாணவி. அவளுடைய கணவன் லாரி ஓட்ட ஜொகூர் போனவன், ஓர் ஆண்டாகத் திரும்பவும் இல்லை, பணமும் அனுப்பவில்லை. அவள் அதிகாலையில் நாசி லெமாக் பொட்டலம் கட்டித் தொழிற்சாலைப் பேருந்து நிற்கும் இடத்தில் விற்று இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள். ஆண்கள் பெண்களை நிர்வகிப்பவர்கள், ஏனெனில் தம் செல்வத்திலிருந்து செலவிடுகிறார்கள் என்ற வசனத்தின் இரண்டாம் பாதியை அவன் படிக்கவில்லை போலும். விவாகரத்து வேண்டும், ஆனால் அவன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாதே என்று என்னிடம் வந்தாள். நிக்காஹ் அட்டையை லேமினேட் செய்து பத்திரமாக வைத்திருந்தாள். தஃலீக் தாள் அலமாரியில் விரித்த செய்தித்தாளுக்கு அடியில் கிடந்தது. அதை வாசித்துக் காட்டியபோது, "இதைத்தான் அவரு அன்னைக்கு வாசிச்சாரா?" என்று கேட்டாள்.

வழக்கு பதினொரு மாதம் இழுத்தது. தவணை, தவணை, இரண்டு சாட்சிகளில் ஒருவர் வரவில்லை, மறுபடி தவணை. தீர்ப்பு நாளில் நானும் கூடப் போயிருந்தேன். நிரூபணமானது என்று நீதிபதி சொல்லி, அந்த ஒரு வெள்ளியைச் செலுத்தச் சொன்னபோது, அவளிடம் ஓர் ஐம்பது வெள்ளித் தாள் மட்டுமே இருந்தது. நான் என் கைப்பையிலிருந்து ஒரு வெள்ளி எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைச் செலுத்தினாள், நீதிபதி எழுதினார், நாங்கள் வெளியே வந்து தேத்தாரே குடித்தோம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு என் வீட்டு வாசலில் நின்றாள், கையில் ஒரு வெள்ளியோடு. இரவெல்லாம் தூங்கவில்லையாம். செலுத்தியது என்னுடைய காசு என்பதால் விடுதலை செல்லாமல் போய்விடுமோ என்று பயம். கடனாக வாங்கிய காசு வாங்கியவருக்கே சொந்தம், அதனால் செலுத்தியது நீதான், ஒரு குறையும் இல்லை என்று சொன்னேன். அப்படியும் அந்த வெள்ளியை என் கையில் வைத்து அழுத்தி, நான் விரல்களை மூடும் வரை நின்றுவிட்டுத்தான் போனாள்.